பதினேழாவது பந்தும் ஒரு கிளியும்

ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருப்பவர்கள் யாரும் காயைத் தாங்களே எண்ணுவதில்லை. அதற்கென்று தங்கமுத்து இருந்தார். குத்தகைக்குக் கொடுப்பவரும் எடுப்பவரும் சேர்ந்து அவரைக் கூட்டி வந்து தோப்புக்குள் விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொள்வார்கள். அவர் மூன்று சுற்றுச் சுற்றுவார். முதல் சுற்றில் மனுஷன் மரத்தையே பார்க்க மாட்டார், தரையைத்தான் பார்ப்பார். இரண்டாவது சுற்றில் மரத்துக்கு ஒரு கிளை. மூன்றாவது சுற்றில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அணில் எத்தனை, கிளி எத்தனை. அப்புறம் வரப்புக்கு வந்து வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரே ஒரு எண் சொல்வார். இத்தனை கூடை. பறித்து முடித்தால் அத்தனை கூடைதான் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக ஒரு கூடை கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

எப்போதாவது கிளிக்கூட்டம் இறங்கிக் கணக்கைக் கலைத்துவிடும். அப்போதும் அசர மாட்டார். குத்தகைக்காரரைக் கையோடு கூட்டிப்போய், மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற காம்பைக் காட்டுவார். "காம்பு இருக்குது பாருங்க. மரம் காய்ச்சது காய்ச்சதுதானுங்க. கிளி தின்னா அதுக்கு மரம் என்னங்க பண்ணும்?" என்பார். குத்தகைக்காரரும் தலையை ஆட்டிவிட்டு, கிளி தின்றதையும் விளைச்சலில் சேர்த்துக்கொள்வார்.

அந்தத் தொழிலில் ஒரே ஒரு கட்டுப்பாடுதான். மதிப்புப் பார்க்கிறவர் காயைத் தொடக் கூடாது. தொட்டால் அவர் பேர் கிளி. அப்படித்தான் 1981-இல் மேலத்தெருக் கருப்பணன் ஏதோ ஞாபகத்தில் ஒரு பழத்தைப் பறித்துக் கடித்துவிட்டார். அன்றைக்கே அவருக்குத் தொழில் போனது. பேரும் போனது. மகன் கல்யாணப் பத்திரிகையில்கூட 'கிளி கருப்பணன்' என்றே அச்சடித்தார்கள். வெறும் கருப்பணன் என்று போட்டால் கல்யாணம் யார் வீட்டில் என்று ஊருக்குத் தெரியாது. அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு தங்கமுத்து இரண்டு நாள் சிரித்தார்.

ஆகவே தோப்புக்குள் நுழைந்தால் தங்கமுத்து துண்டைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். அவருக்கு ஒரே ஒரு பழத்துக்கு மட்டும்தான் உரிமை. வேலியைத் தாண்டி நீண்ட கிளையிலிருந்து வெளியே விழுகிற பழம் வழிப்போக்கருக்குச் சொந்தம், அது ஊர் வழக்கம். அதிலும் தரையில் விழுந்தால் பழம் பிளந்து போகும் என்று, விழுவதற்குள் பாய்ந்து பிடித்துவிடுவார். பிடித்து, மடியில் வைத்து, துண்டால் துடைத்து, அப்புறம்தான் கடிப்பார். நாற்பத்தெட்டு வயசிலும் அந்தக் கை வேகத்தைப் பார்த்து அவர் சம்சாரம் சுந்தரம்மாளே அசந்துபோவாள். "இந்த வேகத்துல ஒரு நாளாச்சும் தண்ணிக்குடத்த இறக்கி வச்சிருப்பீங்களா?" என்று கேட்பாள். அது நியாயமான கேள்விதான்.

இப்படிப்பட்ட மனுஷனை 1997 தை மாசம் சோலைமலை முதலாளி கார் அனுப்பித் திண்டுக்கல்லுக்குக் கூப்பிட்டார்.

சோலைமலைக்கு ஆயக்குடியில் பன்னிரண்டு ஏக்கர் கொய்யா, திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூல் மில். மில்லுக்கு ஒரு கூடைப்பந்து டீம். நூல் மில்லுக்கு எதற்குக் கூடைப்பந்து என்று கேட்கக் கூடாது. கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருத்தர் ஒரு கல்யாணப் பந்தியில் "எங்க டீமு இந்த வருஷமும் கப்பு" என்று சொல்லிவிட்டார். இவருக்கு அன்றைக்கு இலையில் பாயசம் இறங்கவில்லை. அடுத்த மாசமே டீம் போட்டுவிட்டார். ஆடுகிறவர்களுக்கு மில்லில் சம்பளம், குடியிருக்க லைன் வீடு. காலையில் ஒரு மணி நேரம் நூற்புப் பிரிவில் கையெழுத்து, மற்ற நேரமெல்லாம் பந்து. ஆடுவதுதான் உத்தியோகம்.

முதலாளி விஷயத்தைச் சொன்னார். டீமில் சென்டர் என்று ஒரு இடம் உண்டு. கூடைக்கு அடியிலேயே நிற்கிறவன். அந்த இடத்துக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தனைத்தான் நிரந்தரம் பண்ண முடியும். இன்னொருத்தன் மாசக் கடைசியில் போய்விட வேண்டியதுதான்.

"கோச்சு அருள்நாதனக் கேட்டா சகாயராஜ வச்சுக்கங்கங்கிறாரு. அவரும் அவனும் ஒரே கோயிலுக்குப் போறவங்க. மேனேஜரக் கேட்டா ஆனந்த்ராஜ வச்சுக்கங்கங்கிறாரு. அவனக் கொண்டாந்ததே மேனேஜர் மச்சான்தான். நான் யார் பேச்சத்தான் நம்புறது? இந்த ஆட்டமும் தெரியாத, இந்தப் பயலுகளையும் தெரியாத, பொய்யும் சொல்லாத ஆள் ஒருத்தர் வேணும். நீங்க பார்த்துச் சொல்லுங்க தங்கமுத்து."

"எனக்குக் கூடைன்னா கொய்யாக் கூடைதானுங்க முதலாளி தெரியும்."

"அது போதும்."

"இந்தக் கூடையில அடி இருக்குதுங்களா?"

"இல்ல. ஓட்டைதான். பந்து மேல போய்க் கீழ வந்துரும்."

தங்கமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. அடியில் ஓட்டை உள்ள கூடையில் எதைப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். ஆனால் இருபது வருஷமாகத் தன் எண்ணை மறுபேச்சு இல்லாமல் நம்பின மனுஷன். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே மில் மைதானத்துக்குப் போனார். சிமெண்டுத் தரை, சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு, இரண்டு பக்கமும் கம்பத்தில் வளையம். ஆனந்த்ராஜை அடையாளம் காட்ட யாரும் தேவைப்படவில்லை. ஆறடி நாலு அங்குலம். நின்றுகொண்டே வளையத்தின் வலையைத் தடவிக்கொண்டிருந்தான். நல்ல பையன், பார்த்தவுடன் கும்பிட்டான். கும்பிட்டுவிட்டு நிமிரும்போது ஒரு காக்காய் பயந்து பறந்தது.

"இன்னொருத்தர் எங்கீங்க?" என்று தங்கமுத்து கேட்டார்.

"நான்தாண்ணே சகாயராஜு" என்று பக்கத்தில் ஒரு குரல். இவ்வளவு நேரமும் அவருக்கு நாற்காலி போட்டு, தூசி தட்டி, செத்த நேரம் உட்காருங்கண்ணே என்று சொல்லிக்கொண்டிருந்த ஆள்தான். தங்கமுத்து அவனை வாட்ச்மேன் என்று நினைத்துவிட்டார். ஐந்தடி ஒன்பது அங்குலம் இருப்பான். அதுவும் முடியைத் தூக்கிச் சீவியிருந்ததால். தோளும் இடுப்பும் ஒரே அகலம், நெல் மூட்டைக்குக் காக்கி நிறத்தில் கால்சட்டை போட்டது மாதிரி.

இவன் எப்படி சென்டர் ஆனான் என்பதைக் கோச் அருள்நாதன் சொன்னார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது டீமில் இருந்த நெட்டைப் பையனுக்கு அம்மை போட்டிருந்தது. சகாயராஜைக் கூப்பிட்டு, "ஏலே, இன்னைக்கு மட்டும் நீ ரிங்குக்கு அடியில நில்லு" என்று சொன்னார்கள். நின்றான். அப்புறம் யாரும் அவனிடம் வேற எங்கேயாவது போய் நில் என்று சொல்லவில்லை. பதிமூன்று வருஷமாக அங்கேயேதான் நிற்கிறான்.

"அவன் குறையெல்லாம் நானே சொல்லிர்றேன்" என்றார் அருள்நாதன். "எட்டாது. எவன் பந்தையும் மறிக்க மாட்டான். நின்னு போடுற பந்து பத்துக்கு நாலு உள்ள போனா அதிசயம். நேத்து ஒண்ணு வேப்பமரத்துல மாட்டி, ஏணி வச்சு எடுத்தோம். பாக்கிய நீங்களே பார்த்துக்கங்க."

தங்கமுத்து துண்டைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் பிடித்தார். முதல் சுற்று. மேலே வளையத்தைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தார்.

தரையைப் பார்த்தவருக்கு ஒரு விஷயம் உடனே புரிந்தது. இந்த ஆட்டத்தில் உள்ளே போகிற பந்தைவிடப் போகாத பந்துதான் அதிகம். போகாத பந்து எல்லாம் கீழே விழுகிறது. கீழே விழுகிறதை யார் எடுக்கிறார்களோ அவர்கள் பக்கம் ஆட்டம் திரும்புகிறது. அட, இவ்வளவுதானா. இதற்கா இத்தனை விசில் என்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சட்டைப் பையில் கூழாங்கல் போட்டுக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். மூன்று நாள் எண்ணினார். விழுந்த பந்தில் ஆனந்த்ராஜ் எடுத்தது ஒரு பங்கு என்றால் சகாயராஜ் எடுத்தது இரண்டு பங்கு. ஆனந்த்ராஜ் கையைத் தூக்கிக்கொண்டு பந்து தன்னிடம் வருமென்று காத்திருந்தான். சகாயராஜ் பந்தையே பார்க்கவில்லை. பந்தைப் போடுகிறவனின் முழங்கையைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஒரு இடத்துக்குப் போய், பின்பக்கத்தால் அங்கே இருக்கிறவனை ஒரு தள்ளு. சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பின்பக்கத்துக்கு முன்னால் ஆறடி ஆள் எல்லாம் அரையடி அரையடியாகப் பின்னால் போனார்கள். பந்து வந்து அவன் மடியில் விழுந்தது. எடுத்தவுடன் கண்ணை மூடித் திறப்பதற்குள் தூரத்தில் நிற்கிற ஆளுக்குப் போய்விடும். தானே வளையத்தில் போட ஆசைப்பட மாட்டான். ஆசைப்பட்டால் வேப்பமரம்தான்.

"எப்படித் தம்பி தெரியுது, இங்கதான் உழுகுமுன்னு?" என்று கேட்டார்.

"வலது மூலையில இருந்து போட்டா இடது பக்கந்தாண்ணே விழும். முழங்கை வெளிய விரிஞ்சா குட்டையா விழும். அம்புட்டுத்தான். நெட்டையா இருந்தா இதெல்லாம் தெரிய வேண்டியதில்லண்ணே. எனக்கு வேற வழி இல்லையே."

அடுத்து தங்கமுத்து ஒரு காரியம் செய்தார். இரண்டு பேரையும் வரிசையாக நிற்க வைத்து முழங்காலையும் முழங்கையையும் காட்டச் சொன்னார். ஆனந்த்ராஜுக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வழவழவென்று இருந்தது. சகாயராஜுக்குத் தோல் இருந்த இடத்தைவிட மஞ்சள் பத்துப் போட்ட இடம் அதிகம். உதட்டில் ஒரு தையல், முன்பல்லில் பாதி இல்லை. தங்கமுத்து தலையை ஆட்டிக்கொண்டார். தோப்பிலும் அவர் பார்க்கிற கணக்கு அதுதான். நகக்கீறலும் கொத்தும் உள்ள பழம்தான் பழுத்த பழம். வழவழப்பான காயைக் கிளிகூடத் திரும்பிப் பார்க்காது.

மூன்றாம் நாள் சாயங்காலம் சகாயராஜின் அம்மா வியாகுலம்மாள் மைதானத்துக்கே ஒரு சொம்பு மோரோடு வந்துவிட்டாள். தங்கமுத்து வேண்டாமென்றார். மதிப்புப் பார்க்கப் போன இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்காதது அவர் வழக்கம்.

"ஒரு வாய் மோருல என்னய்யா குடி முழுகிப்போகுது? எங்க வீட்டு மோரு குடிக்க மாட்டீகளா?"

"அப்பிடி இல்லீங்க. குடிச்சா எண்ணு தப்பிப் போயிருமுங்க."

அவள் சொம்பை முந்தானையால் மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தால் நிறுத்துகிற பொம்பளை இல்லை. "இவனுக்கு வயசு இருபத்தேழுய்யா. இந்த மில்லு விட்டுட்டா இந்த ஒசரத்துக்கு எந்த மில்லு சென்டருன்னு எடுக்கும்? வேற எடத்துல ஆடுடான்னா, அம்மா எனக்கு ரிங்குக்கு அடியில மட்டுந்தான் வழி தெரியுங்குறான். மருமக ஏழு மாசம். லைன் வீட்டக் காலி பண்ணுனா அவளக் கூட்டிக்கிட்டு எங்கிட்டுப் போறது? வேலை நிலைச்சா அவன் ஒசரத்துக்கு ஒரு மெழுகுதிரி கோயிலுக்கு நேர்ந்திருக்கேன்."

அப்புறம் அவளே சொன்னாள். "அதுல ஒரு நிம்மதி. அந்த நெட்டைப் பயலப் பெத்தவ நேர்ந்திருந்தா கோயில் கதவுல இடிக்கும்."

தங்கமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் எந்த மரமும் அவரிடம் வந்து, எனக்கு ஏழு மாசக் கர்ப்பிணிச் சம்சாரம் இருக்கிறது என்று சொன்னதில்லை.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். மேனேஜரும் கோச்சும் பக்கத்தில் இருந்தார்கள்.

"சின்னவன்தானுங்க நல்ல மரம்" என்றார் தங்கமுத்து. "பெரியவன் வளர்ந்திருக்கிறான். காய்ப்பு இல்லீங்க. இன்னும் நாலு வருஷம் ஆகும்."

மேனேஜர் விடவில்லை. "வாயால சொன்னா ஆச்சா? தோப்புக்கு எண்ணு சொல்ற மாதிரி, விழுகிற பந்துல இவன் எத்தனை எடுப்பான்னு ஒரு எண்ணு சொல்லச் சொல்லுங்க முதலாளி. ஞாயித்துக்கிழமை மதுரை டீமோட ஃபைனல். முழு ஆட்டமும் சகாயராஜே ஆடட்டும். எண்ணு சரியா வந்தா அவனுக்கு வேலை. குறைஞ்சா ஆனந்த்ராஜுக்கு."

நியாயம்தானே என்று முதலாளியும் தங்கமுத்துவைப் பார்த்தார்.

தங்கமுத்து ஒரு நாள் அவகாசம் கேட்டார். காய் விழுவது மரத்தில் மட்டும் இல்லை, காற்றிலும் இருக்கிறது. பஸ் ஏறிக் கொடைரோட்டுக்குப் போனார். மதுரை டீம் அங்கே ஒரு ஆட்டம் ஆடியது. அவர்களில் மூன்று பேருக்கு முழங்கை விரிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டார். நிறையப் போடுகிறார்கள், நிறைய விழுகிறது. திரும்பி வந்து முதலாளியிடம் எண்ணைச் சொன்னார்.

"பதினேழுங்க."

கோச் அருள்நாதனுக்கு முகம் வெளுத்துவிட்டது. வெளியே வந்ததும் தங்கமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க. போன ஆட்டத்துல அவன் எடுத்தது பதினொண்ணு. பன்னண்டுன்னு சொல்லியிருந்தா அவன் பிழைச்சுக்குவான்ல?"

"காய்ச்சிருக்கிறதத்தானுங்க சொல்ல முடியும்" என்றார் தங்கமுத்து. இருந்தாலும் அன்றைக்கு லாட்ஜில் கொடுத்த தோசையைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம். மில் ஆட்கள், பக்கத்து ஊர் ஆட்கள், நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றி வந்த வேன்காரர்கள் என்று ஒரே கூட்டம். சுண்ணாம்புக் கோட்டை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலி வரிசை. முதலாளிக்குப் பக்கத்தில் தங்கமுத்து, கையில் பிடித்த துண்டு வழக்கம்போல முதுகுக்குப் பின்னால். இடது பையில் எண்ணிப் பதினேழு கூழாங்கல். சகாயராஜ் ஒரு பந்தை எடுத்தால் ஒரு கல் வலது பைக்குப் போகும். மேனேஜர் மறுபக்கம் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

முதல் பாதியில் ஒன்பது கல் மாறியது. மதுரைக்காரர்கள் முழங்கையை விரித்து விரித்துப் போட்டார்கள். பந்து வளையத்தில் இடித்து இடித்து விழுந்தது. அவர்கள் சென்டர் ஆறடி மூன்று அங்குலம். அவனைச் சகாயராஜ் பின்பக்கத்தால் தள்ளிக்கொண்டே போய்க் கம்பத்தோடு ஒட்டவைத்துவிட்டான். அந்த ஆள் ரெஃப்ரீயிடம், "சார், இவன் உக்காருறான் சார், என் மேல உக்காருறான் சார்" என்று புகார் சொன்னான். உட்காரக் கூடாதென்று சட்டத்தில் எங்கேயும் இல்லை போலிருக்கிறது. ரெஃப்ரீ விசில் ஊதவில்லை.

இரண்டாம் பாதியில் சகாயராஜுக்கு மறுபடி உதடு கிழிந்தது. பஞ்சை வைத்துக்கொண்டு ஆடினான். பதிமூன்று, பதினான்கு. வியாகுலம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டினாள். பதினைந்து. பதினாறு. தங்கமுத்துவின் இடது பையில் ஒரே ஒரு கல். ஆட்டம் முடிய ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. அந்தக் கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கல்லைப் பிடித்த கை மறுபடி துண்டுக்குப் போகவில்லை. அங்கேதான் சனி பிடித்தது.

மதுரைக்காரன் ஒருத்தன் வலது மூலையிலிருந்து போட்டான். முழங்கை நன்றாக விரிந்திருந்தது. பந்து வளையத்தின் விளிம்பில் இடித்து, இடது பக்கமாகத் தாவி, தங்கமுத்து உட்கார்ந்திருந்த பக்கம் வந்தது. சகாயராஜ் அதற்கு முன்னாலேயே ஓட ஆரம்பித்திருந்தான். பந்து சுண்ணாம்புக் கோட்டுக்கு மேலே வந்து, கோட்டைத் தாண்டி, இறங்கியது.

வேலிக்கு வெளியே விழுகிற பழம். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். தங்கமுத்துவின் இரண்டு கையும் அவரைக் கேட்காமலேயே நீண்டு, தரையில் படுவதற்குள் பந்தை லபக்கென்று பிடித்துவிட்டன. பிடித்து, மடியில் வைத்து, முதுகுக்குப் பின்னால் இருந்த துண்டை எடுத்துத் துடைக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பந்துக்காகப் பாய்ந்து வந்த சகாயராஜ் நெல் மூட்டையாக அவர் மேலேயே வந்து விழுந்தான். நாற்காலி நாலு துண்டானது. ரெஃப்ரீ வெளியே என்று கையைக் காட்டினார். செத்த நேரத்தில் ஆட்டமும் முடிந்தது. மில் டீம் மூன்று புள்ளியில் ஜெயித்துவிட்டது. பட்டாசு வெடித்தார்கள். முதலாளி கோயம்புத்தூர்க்காரரை நினைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தார்.

தரையில் கிடந்தபடியே சகாயராஜ் கேட்டான். "அடி ஏதும் பட்டுருச்சாண்ணே?" பந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரைத் தூக்கி உட்கார வைத்து, வேட்டியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டான்.

தங்கமுத்து எழுந்தவுடன் கோச்சைத்தான் தேடினார். "அந்தக் கோட்டுக்கு வெளிய வந்த பந்து வெளியதானுங்களே?"

"தரையில பட்டாலோ, வெளிய இருக்கிற ஆள் தொட்டாலோதாங்க வெளிய. காத்துல இருக்கிற வரைக்கும் உள்ளதான் கணக்கு." அருள்நாதன் தலையைக் குனிந்துகொண்டார். "அவன் எடுத்திருப்பான். விடுங்க."

அப்போதுதான் மேனேஜர் காகிதத்தோடு வந்து சேர்ந்தார். "பதினாறு முதலாளி. ஒண்ணு குறையுது."

முதலாளி காகிதத்தைப் பார்த்தார், தங்கமுத்துவைப் பார்த்தார். அவர் இருந்த குஷியில் யாரையும் நோகடிக்கத் தயாராக இல்லை. தங்கமுத்துவைத் தனியாகத் தோளில் கைபோட்டு அழைத்துப்போனார். "நீங்க மனசு விட்டுராதீங்க. உங்க எண்ணு தப்புன்னு நான் வெளிய சொல்ல மாட்டேன். மரம் சரியில்ல, அம்புட்டுத்தான். ஒண்ணு குறைஞ்சது அந்தப் பய குத்தம். பேசினபடி ஆனந்த்ராஜயே எடுத்துக்குவோம். உங்க பேருக்கு ஒரு குறையும் வராது."

வராதுதான். சும்மா இருந்தால் போதும். கூட்டத்தில் யாருக்கும் அந்தச் சட்டம் தெரியாது. தெரிந்த அருள்நாதனோ ஒரே கோயில்காரர், அவர் பேச்சு எடுபடாது. சகாயராஜோ வாயைத் திறக்கப் போவதில்லை. அவன் அந்தப் பக்கம் உடைந்த நாற்காலியைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். வியாகுலம்மாள் அவன் உதட்டைத் துடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இன்னும் யாரும் எண்ணைச் சொல்லவில்லை.

தங்கமுத்து தன் உள்ளங்கையைப் பார்த்தார். பந்தின் அழுக்கு இரண்டு கையிலும் வட்டமாக ஒட்டியிருந்தது. மேலத்தெருக் கருப்பணன் ஞாபகம் வந்தது. அந்தக் கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வந்தது. இரண்டு நாள் சிரித்ததும் ஞாபகம் வந்தது. தனக்கும் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறது.

"முதலாளி" என்றார். "பதினேழுங்க."

"பதினாறுன்னு எழுதியிருக்கு."

"மரம் காய்ச்சது பதினேழுதானுங்க. ஒண்ணக் கிளி தின்னுபோட்டுது."

முதலாளி சுற்றும் முற்றும் பார்த்தார். வேப்பமரத்தையும் பார்த்தார். "இங்க ஏதுங்க கிளி?"

தங்கமுத்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். "காம்பு இங்க இருக்குது பாருங்க. நாந்தானுங்க கிளி. கோட்டுக்கு வெளியன்னு புடிச்சுபோட்டனுங்க. தரையில படாத வரைக்கும் அது உள்ளாரயாமா. அந்தத் தம்பி எடுக்க வேண்டியது. மதிப்புப் பார்க்க வந்த எடத்துல நான் கைய நீட்டிட்டனுங்க."

மேனேஜர் சிரித்துவிட்டார். சுற்றி நின்ற நாலைந்து பேரும் சிரித்தார்கள். பூ வேன்காரர் ஒருத்தர் ஆயக்குடி வழியாகப் போகிறவர், அவர்தான் ரொம்பச் சிரித்தார். சோலைமலை முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அவரும் ஆயக்குடிக்காரர்தான். அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்வது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அந்த அழுக்குக் கையைப் பார்த்தார்.

"கிளி தின்னதும் விளைச்சல்தான்" என்றார். மேனேஜர் கையிலிருந்த பேனாவை வாங்கிப் பதினாறைத் தானே அடித்துவிட்டுப் பதினேழு என்று எழுதினார். தங்கமுத்து நாற்காலி உடைந்த இடத்தில் கிடந்த கடைசிக் கல்லைப் பொறுக்கி வலது பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் ஐந்தடி ஒன்பது அங்குலத்துக்குக் கோயிலில் மெழுகுதிரி எரிந்தது. வியாகுலம்மாள் மறக்காமல் ஆள் அனுப்பித் தங்கமுத்துவுக்கு ஒரு சொம்பு மோரும் கொடுத்தனுப்பினாள். அது பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் புளித்துவிட்டது. இப்போது குடிக்கத் தடை இல்லையே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். ஆனந்த்ராஜை அந்த மாசமே திருச்சிப் பக்கம் ஒரு மில்லில் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆறடி நாலு அங்குலத்துக்கு எங்கே போனாலும் கதவு திறக்கும், குனிந்துதான் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் மோர் வருவதற்கு முன்னாலேயே பூ வேன் ஆயக்குடிக்கு வந்துவிட்டது. தங்கமுத்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே டீக்கடையில் யாரோ கீ கீ என்று கத்தினார்கள். மறுநாள் காலையில் மேலத்தெருக் கருப்பணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பதினாறு வருஷமாகத் தனியாகக் கிடந்த மனுஷனுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "வாங்க சின்னக் கிளி" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். சுந்தரம்மாள் சமையலறையில் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். வெளியே வந்தபோது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. சிரித்ததில்தான் என்று சொன்னாள்.

தோப்புக்காரர்கள் ஒரு வருஷம் கூப்பிடவில்லை. சோலைமலை முதலாளி மட்டும் கூப்பிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொருத்தராக வந்தார்கள். தொடாத ஆள் ஊரில் நாலு பேர் இருந்தார்கள். தொட்டதைத் தானே சொல்கிற ஆள் ஒருத்தர்தான் இருந்தார்.

2001-இல் அவர் மகள் கல்யாணத்துக்குப் பழனியில் பத்திரிகை அடிக்கக் கொடுத்தபோது அச்சாபீஸ்காரர் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினார். "அப்பா பேரு எப்பிடீங்க போடட்டும்? வெறுமனே தங்கமுத்துன்னு போட்றலாமுங்களா?"

தங்கமுத்து வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"வெறும் தங்கமுத்துன்னா யாருக்குங்க தெரியும்? கிளின்னே போடுங்க."

கல்யாணத்துக்குச் சகாயராஜ் மொத்த டீமையும் கூட்டிக்கொண்டு வந்தான். கூடவே நாலு வயசுப் பெண் குழந்தை, அப்பனைப் போலவே தோளும் இடுப்பும் ஒரே அகலம். கையிலிருந்த கொய்யாவைத் தூக்கிப் போட்டுப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தது. ஒரு தடவை பழம் கை தவறித் தங்கமுத்து பக்கமாக வந்தது. அவர் இரண்டு கையையும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பழம் தரையில் விழுந்து பிளந்தது. குழந்தை ஓவென்று அழுதது.

"இதப் புடிச்சிருக்கலாம்லண்ணே" என்றான் சகாயராஜ்.